கல்யாண கேசட்டைக் கணினிக்குக் கொண்டுவருவது: கேப்சர், ஃபீல்ட், கோடெக், பிட்ரேட் என்றால் என்ன?

#1 காவிரிக்கரை

வணக்கம். 1994-இல் கும்பகோணத்தில் நடந்த என் அப்பா அம்மா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். 2003 வாக்கில் ஒருவர் அதை விசிடியாகப் போட்டுக் கொடுத்தார். அது இன்னும் ஓடுகிறது, ஆனால் முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இது போக, 2005-இல் எடுத்த என் தம்பி காதுகுத்து மினிடிவி கேசட் ஒன்று.

போன மாதம் முதல் கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். பென் டிரைவில் எம்பி4 கோப்பாகத் தந்தார்கள். அதில் மூன்று குறைகள். எல்லாரும் பக்கவாட்டில் இழுத்த மாதிரி குண்டாகத் தெரிகிறார்கள். யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள். கடைசி ஒரு மணி நேரத்தில், நாதஸ்வரக்காரர் சீவாளியிலிருந்து வாயை எடுத்த பிறகும் சத்தம் வருகிறது. கேட்டால், "பழைய கேசட், இவ்வளவுதான் வரும்" என்றார்கள்.

எங்கள் அப்பாயி 2009-இல் தவறிவிட்டார். அவர் குரல் மிச்சம் இருப்பது அந்த கேசட்டில் மட்டும்தான். தாலி கட்டி முடித்ததும் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாராம். ஸ்டுடியோக்காரர் போட்ட சினிமாப் பாட்டில் அது கேட்கவில்லை. அதனால் இதை நானே செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். படிக்கப் போனால் எங்கே பார்த்தாலும் அகராதி மாதிரி ஒரு பட்டியல். ஒரு சொல்லும் மனதில் ஒட்டவில்லை. என் கேசட்டையே உதாரணமாக வைத்து யாராவது சொல்லித்தர முடியுமா? வீட்டில் ஒரு பழைய விசிஆர் ஓடும் நிலையில் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது.

#2 பழைய_ஸ்டுடியோ

வணக்கம்மா. 1989 முதல் 2011 வரை திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். நீங்கள் சொன்ன மூன்று குறையில் ஒன்றுகூட கேசட்டின் குறை கிடையாது. மூன்றும் கேப்சர் செய்யும்போதும் அதற்குப் பிறகும் வந்தவை. அதனால் மனசு விட்டுவிடாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. இரண்டாவது கேசட்டை இப்போதைக்கு விசிஆரில் போட வேண்டாம். கேசட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மூடி மேலே தூக்கும். டேப்பையும், ஜன்னல் வழியாகத் தெரியும் சுருளின் ஓரத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் தூவியது போல வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். ஈரமான ஊர்களில் இது சகஜம். அதோடு ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருந்தால் கடைசிவரை ஃபார்வர்ட் செய்து, முழுவதும் ரீவைண்ட் செய்து, அப்புறம் பிளே செய்யுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் அதில் சீராகும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். மூன்று வேலைகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். டேப்பில் இருப்பதைக் குறையாமல் கணினிக்குள் கொண்டுவருவது கேப்சர். வந்ததை வெட்டி, அடுக்கி, நிறம் சத்தம் சரிசெய்வது எடிட்டிங். முடித்ததை அம்மா டிவியிலும் சித்தப்பா போனிலும் பார்க்கும்படி ஒரு கோப்பாக எடுத்துக் கொடுப்பது எக்ஸ்போர்ட். உங்கள் கடையில் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்திருக்கிறார்கள். கேப்சரில் தொலைத்ததை மற்ற இரண்டிலும் திரும்பப் பெற முடியாது. அதனால் உங்கள் கவனம் முழுவதும் முதலில் அங்கேதான் இருக்க வேண்டும்.

#3 பிட்_எண்ணி

சீப்புப் பல் கோட்டை நான் விளக்குகிறேன்.

இந்தியாவில் அந்தக் கால டிவி முறை பிஏஎல். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 முழுப் படம். ஆனால் கேமரா ஒரு முழுப் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகளை எடுக்கும். நொடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் கழித்து மீதி வரிகளை எடுக்கும். இந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்ட் என்று பெயர். இப்படிப் பின்னி வைப்பதுதான் இன்டர்லேஸ். பிஏஎல் படத்தின் 625 வரிகளில் கண்ணுக்குத் தெரியும் படம் 576 வரி. ஒரு ஃபீல்டுக்கு 288.

பழைய படக்குழாய் டிவி எடுத்த வரிசையிலேயே வரைந்தது, அதனால் உறுத்தவில்லை. கணினித் திரை இரண்டு ஃபீல்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அந்த 50-இல் ஒரு பங்கு நேரத்தில் கை நகர்ந்துவிட்டது, மண்டபத் தூண் நகரவில்லை. கையில் சீப்பு, தூணில் இல்லை. உங்கள் கோப்பை ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள், இப்படித்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்வது டீஇன்டர்லேஸ். அதில் இரண்டு வழி. ஒன்று, இரண்டு ஃபீல்டையும் குழைத்தோ ஒன்றைத் தூக்கிப் போட்டோ நொடிக்கு 25 படம் ஆக்குவது. மற்றது, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக வளர்த்து நொடிக்கு 50 படம் ஆக்குவது. தவில்காரர் கையைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 25-இல் குச்சி விட்டுவிட்டுத் தாவும். 50-இல் அன்று டிவியில் பார்த்த அதே ஓட்டம் வரும். இலவசமாகக் கிடைப்பதில் க்யூடிஜிஎம்சி என்ற வடிகட்டி மிக நல்லது, ஆனால் மெதுவானது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஐஎஃப் வேகமானது, நன்றாகவும் செய்யும்.

இன்னொரு சொல் ஃபீல்ட் ஆர்டர்: எந்தப் பாதி முதலில் என்பது. மேல் வரி முதலா, கீழ் வரி முதலா என்று மென்பொருளுக்குத் தப்பாகச் சொன்னால், நடந்து வருபவர் ஓரடி முன்னே அரையடி பின்னே என்று நடுங்குவார். மினிடிவி கேமராவின் டிவி (DV) வடிவக் கோப்பில் கீழ் ஃபீல்ட் முதலில். அனலாக் கேப்சர் கருவிகள் பெரும்பாலும் மேல் ஃபீல்டை முதலில் வைக்கும். சந்தேகமாக இருந்தால் பத்து நொடித் துண்டை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.

#4 காவிரிக்கரை

மிக்க நன்றி ஐயா, நன்றி பிட்_எண்ணி அண்ணா. கேசட்டில் பூஞ்சணம் இல்லை, பார்த்துவிட்டேன். கோப்பை நிறுத்தியும் பார்த்தேன்: தூண் தெளிவு, அப்பாவின் கையில் கோடு!

ஒரு சந்தேகம். விசிஆரை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி கேப்சர் குச்சியோடு வரும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை டிக் செய்துவிட்டு கேப்சர் செய்தால் போதும் என்கிறாள் தோழி. செய்யலாமா?

#5 நேராச்_சொல்

செய்யலாம். நான் எங்கள் வீட்டு 11 கேசட்டை அப்படித்தான் செய்தேன். யூஎஸ்பி குச்சி, டீஇன்டர்லேஸ் டிக், எச்.264, எம்பி4. குடும்பத்தில் எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். விஎச்எஸ்ஸின் தெளிவே கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 வரிதான். அதற்கு நூற்றுக்கணக்கான ஜிபி செலவு செய்வது தேவையில்லை என்பது என் கருத்து. சரியான முறையைத் தேடித் தேடியே கேசட்டைப் பெட்டியில் வைத்துப் பூஞ்சணம் பிடிக்க விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். முதலில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

#6 பிட்_எண்ணி

"முதலில் ஒரு பிரதி" என்பதில் நேராச்_சொல் சொல்வது முற்றிலும் சரி. கேசட் காத்திருக்காது, விசிஆரும் காத்திருக்காது. கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆனால் அந்த டிக் வேண்டாம். குச்சியோடு வரும் மென்பொருள் ஓடிக்கொண்டே செய்ய வேண்டியிருப்பதால் பெரும்பாலும் எளிய வழியில், நொடிக்கு 25-ஆகக் குழைத்துவிடும். பாதி அசைவு நிரந்தரமாகப் போய்விடும். இன்டர்லேஸாகவே வைத்திருந்தால் இன்னும் பத்து வருடத்தில் வரும் நல்ல கருவியாலும் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து கோடெக். பலர் எம்பி4, ஏவிஐ என்பதைக் கோடெக் என்று நினைக்கிறார்கள். அவை கன்டெய்னர். டிபன் கேரியர் மாதிரி: ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் சத்தம், இருந்தால் இன்னொன்றில் வசன எழுத்து. கேரியரைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறது என்பதுதான் கோடெக்: எச்.264, எம்பெக்-2, டிவி (DV), எஃப்எஃப்வி1 என்று பல. ஒரு கேரியரிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாற்றி வைப்பது ரீமக்ஸ். சில நிமிடத்தில் முடியும், தரம் குறையாது. பிரித்துத் திரும்பச் சமைப்பது டிரான்ஸ்கோட். பெரும்பாலான கோடெக்குகளில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு.

எச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக வைப்பதில்லை. எப்போதோ ஒன்றை முழுதாக வைக்கும். அது ஐ-ஃபிரேம், கீஃபிரேம் என்றும் சொல்வார்கள். நடுவில் உள்ளவற்றுக்கு "முன்னும் பின்னும் உள்ள படத்திலிருந்து எது மாறியது" என்பதை மட்டும் எழுதும். புகைப்படம் போல அசையாத காட்சிக்கு இது அற்புதமான முறை. ஆனால் விஎச்எஸ்ஸில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு படத்திலும் எல்லாமே மாறுகிறது. பிட்ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்ற அளவு, குறைவாக இருந்தால் அது இரைச்சலுக்கே போய்விடும், முகம் மெழுகாகும். அட்சதை தூவும் நேரத்தைப் பாருங்கள். திரை முழுக்க அரிசி பறக்கிறது, எதுவும் முந்தைய படம் போல இல்லை. அங்கேதான் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் விசிடியில் இது ஏன் அவ்வளவு மோசம் என்றால், விசிடி எம்பெக்-1, நொடிக்கு 1150 கிலோபிட், 352 × 288. அதாவது ஒரு ஃபீல்டின் வரிகளுக்கு மட்டுமே இடம்.

இப்போது கணக்கு. 720 × 576 படம், ஒரு புள்ளிக்கு சராசரியாக 2 பைட், நொடிக்கு 25. நொடிக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. ஒரு பிட்கூட இழக்காமல் சுருக்கும் கோடெக்குகள் உண்டு: ஹஃப்ஒய்யூவி, லாகரித், எஃப்எஃப்வி1. இவற்றை லாஸ்லெஸ் என்பார்கள். அவற்றில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 100 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேசட்டும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கில் அடங்கிவிடும்.

#7 நேராச்_சொல்

அட்சதை விஷயத்தை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். என் கோப்புகளிலும் அங்கே உடைகிறது. இவ்வளவு நாள் கேசட்டின் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். அண்ணன் கல்யாண கேசட்டை மட்டுமாவது திரும்ப எடுக்கப் போகிறேன். ஆனால் 100 ஜிபி எல்லாருக்கும் முடியாது. நடுவழி ஏதாவது?

#8 பழைய_ஸ்டுடியோ

நடுவழி இருக்கிறது தம்பி, டிவி (DV) கோடெக். நாங்கள் மினிடிவி கேமராவுக்கு மாறிய பிறகு ஸ்டுடியோ முழுக்க அதுதான். கேனோபஸ் கார்டு, எடியஸ் மென்பொருள், டிவி (DV) ஏவிஐ கோப்பு. நொடிக்கு 25 மெகாபிட், மணிக்கு 13 ஜிபி. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது, அதனால் எந்த ஃபிரேமிலும் வெட்டலாம். நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, ஆனால் பிஏஎல் விஎச்எஸ்ஸில் நிறம் ஏற்கெனவே மங்கல்தான், பெரிதாகத் தெரியாது.

காதுகுத்து கேசட் பற்றி யாரும் சொல்லவில்லை. மினிடிவி வேறு கதைம்மா. அதில் பதிந்திருப்பதே டிஜிட்டல். டேப் என்பது அங்கே வெறும் சேமிப்பு. அதை விசிஆர் போல மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரில் எடுத்தால் டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறீர்கள். கேமராவில் ஃபயர்வயர் துளை இருக்கும், சோனி கேமராவில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும். அதன் வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள தரவு அப்படியே கோப்பாக இறங்கும். கேப்சர் என்று சொன்னாலும் அது உண்மையில் காப்பி எடுப்பதுதான். யூஎஸ்பி துளையும் இருக்கும், ஏமாற வேண்டாம். பல கேமராக்களில் அது ஃபோட்டோவுக்கும் தரம் குறைந்த படத்துக்கும் மட்டும். லேப்டாப்பில் ஃபயர்வயர் இருக்காது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபயர்வயர் கார்டு போட்டு எடுப்பதுதான் சுலபம். விண்டிவி என்ற சின்ன மென்பொருள் போதும்.

#9 ரொறன்ரோ_கிளி

வணக்கம். இந்த இழையை முழுக்க வாசித்தேன். எங்களைப் போல ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் ஸ்காபரோவில் நடந்த என் அக்காவின் சாமத்தியச் சடங்குக் கசெற்றின் ஒரு பிரதி யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் இருந்தது. எங்களிடம் இருந்த பிரதி வெள்ளத்தில் போய்விட்டது. மச்சான் அங்கேயே பதிவுசெய்து அனுப்ப முயன்றார். டிவியில் வடிவாக ஓடுகிறது. கணினியில் கறுப்பு வெள்ளையாக, உருண்டு உருண்டு வருகிறது. ஒரு கிழமை மினைக்கெட்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது.

கனடாவில் எடுத்தது என்டிஎஸ்சி: நொடிக்கு 29.97 ஃபிரேம், 480 வரி. இலங்கையும் இந்தியாவும் பிஏஎல். அங்கே விற்ற பல விசிஆர்கள் என்டிஎஸ்சி கசெற்றையும் ஓட்டும், ஆனால் பிஏஎல்-60 என்ற ஒரு கலப்புச் சமிக்ஞையாகத்தான் வெளியே விடும். டிவி அதை ஏற்றுக்கொள்ளும், பதிவுக் கருவிகள் பல ஏற்காது. கடைசியில் கசெற்றைக் கொண்டுவரச் சொல்லி இங்கே ஒரு என்டிஎஸ்சி விசிஆரில் எடுத்தோம். முதல் தடவையே சரிவந்தது. கசெற் எந்த முறையோ அந்த முறை விசிஆர், அந்த முறையிலேயே பதிவு. 25-ஐ 29.97 ஆக்குவதோ மறுவளமாக மாற்றுவதோ பதியும்போது செய்யக் கூடாது.

#10 பிட்_எண்ணி

அருமையான தகவல் ரொறன்ரோ_கிளி, பிஏஎல்-60 பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

காவிரிக்கரை, ஆட்கள் குண்டாகத் தெரிவது ஆஸ்பெக்ட் ரேஷியோ. உங்கள் கேசட் 4:3, கடையில் 16:9 என்று இழுத்திருக்கிறார்கள். அதைத் திருத்துவது எளிது. கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது இது: 720-ஐ 576-ஆல் வகுத்தால் 4:3 வராது, 5:4 வரும். தப்பு நடக்கவில்லை. அனலாக் படத்தில் கிடைமட்டப் புள்ளி என்று ஒன்று கிடையாது, வரி மட்டும்தான் உண்டு. டிஜிட்டல் ஆக்கும்போது 720 முறை அளக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் புள்ளி சதுரமல்ல, கொஞ்சம் அகலமானது. எக்ஸ்போர்ட்டில் சதுரப் புள்ளியாக 768 × 576 என்று கொடுத்தால் முகம் முகமாக இருக்கும். துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு: 4:3 படம் நடுவில் உள்ள 704 புள்ளிகள்தான், இரண்டு ஓரத்திலும் எட்டு எட்டு புள்ளி வெட்டிவிட்டு 768 ஆக்க வேண்டும். பக்கத்தில் கறுப்புப் பட்டை வைத்து 4:3-ஆகவே விடுங்கள். திரையை நிரப்பத் தலையை வெட்ட வேண்டாம்.

#11 காவிரிக்கரை

யூஎஸ்பி குச்சி வாங்கி, வர்ச்சுவல்டப் மென்பொருளில் ஹஃப்ஒய்யூவி வைத்து, முதல் கேசட்டில் அரை மணி நேரம் எடுத்துப் பார்த்தேன். அட்சதை உடையவில்லை! ஆனால் இரண்டு பிரச்சினை. கீழே எண்ணிக்கையில் 'டிராப் ஆன ஃபிரேம் 212' என்று வந்தது. அப்புறம் அப்பாவின் வேட்டி ஒரே வெள்ளைத் திட்டாக இருக்கிறது, மடிப்பே தெரியவில்லை. டிவியில் மடிப்பு தெரிகிறது.

#12 பழைய_ஸ்டுடியோ

212 என்றால் எட்டரை நொடிம்மா. 25 ஃபிரேம் தொலைந்தால் ஒரு நொடி. படம் அந்த அளவு குட்டையாகி முன்னே போய்விடும், சத்தம் பின்தங்கும். கடையில் நாதஸ்வரம் பிந்திய காரணம் அநேகமாக இதுதான். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் டிராப். ஆரம்பம் முதலே ஒரே அளவு விலகலாக இருந்தால் அது வேறு, தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

ஏன் டிராப் ஆகிறது? டேப் இழுபடும் வேகம் ஒருபோதும் சீராக இருக்காது. ஒரு வரி கொஞ்சம் முன்னே வரும், அடுத்தது கொஞ்சம் பின்னே. தூணின் விளிம்பு நெளிவதும், படத்தின் மேல்பகுதி கொடி போல வளைவதும் அதனால்தான். டிவி அனுசரித்துக்கொள்ளும். கேப்சர் கருவி கடிகாரம் பிசகியது என்று ஃபிரேமைக் கைவிட்டுவிடும். இதைச் சரிசெய்து நேரத்துக்கு அனுப்பும் கருவிக்கு டிபிசி, டைம் பேஸ் கரெக்டர், என்று பெயர். தனிக் கருவி விலை அதிகம். தரம் கூடிய சில எஸ்-விஎச்எஸ் விசிஆர்களில் உள்ளேயே இருக்கும். அதுவும் இல்லையென்றால் டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து, அதில் பதியாமல் வழியாக மட்டும் கடத்துங்கள். பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10 இந்த வேலைக்குப் பெயர் போனது. லேப்டாப்பில் வைரஸ் ஸ்கேன், வைஃபை இரண்டையும் நிறுத்திவிட்டு எடுங்கள்.

வேட்டி விஷயத்தை நான் நன்றாகவே அறிவேன். அந்தக் காலத்தில் சன் கன் லைட்டை முகத்துக்கு நேரே பிடிப்போம், பட்டு வேட்டி கொதிக்கும். டேப்பில் அந்த வெளிச்சம் வரம்பை ஒட்டிப் பதிந்திருக்கும். டிஜிட்டலில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று வரம்பு. உங்கள் குச்சியின் தொடக்க அமைப்பு அதைத் தாண்டித் தூக்குகிறது, தாண்டியது வெட்டுப்படுகிறது. கிளிப்பிங் என்பார்கள். மடிப்பு தொலைந்தது அங்கேதான், எடிட்டிங்கில் இருட்டாக்கினால் சாம்பல் திட்டுதான் வரும். வர்ச்சுவல்டப்பில் ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், திறந்து, தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டு, வலது ஓரத்தில் முட்டாத வரை பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் இரண்டையும் இறக்குங்கள். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று கேட்கிறேன். பாட்டு ஓடும் இடத்தில் அப்பாயி பேசியதாகச் சொன்னீர்களே, உங்கள் விசிஆரில் ஹை-ஃபை என்று எழுதியிருக்கிறதா?

#13 காவிரிக்கரை

இல்லை ஐயா. மோனோ என்று நினைக்கிறேன். ஏன்?

#14 பழைய_ஸ்டுடியோ

விஎச்எஸ்ஸில் சத்தம் இரண்டு இடத்தில் பதியும். டேப்பின் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் லீனியர் டிராக், எல்லா விசிஆரும் படிக்கும். ஹை-ஃபை கருவிகளில் கூடுதலாக, சுழலும் ஹெட் படத்தோடு சேர்த்துப் பதியும் சத்தம் ஒன்று உண்டு. நாங்கள் மிக்ஸிங்கில் பாட்டுப் போடும்போது ஆடியோ டப் பொத்தானை அழுத்துவோம். அது லீனியர் டிராக்கை மட்டும் அழித்துப் பாட்டை எழுதும். ஹை-ஃபை டிராக்கைத் தொடவே முடியாது, ஏனென்றால் அது படத்துக்கு அடியில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டுமானால் படத்தையே திரும்பப் பதிய வேண்டும்.

உங்கள் ஸ்டுடியோக்காரர் ஹை-ஃபை டெக்கில் எடிட் செய்து, பாட்டை ஆடியோ டப்பில் போட்டிருந்தால், மண்டபத்துச் சத்தம் முழுதாக அடியில் உறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த முதல் எடிட் கேசட்டாக இருக்க வேண்டும். அதிலிருந்து சொந்தக்காரர்களுக்கு எடுத்த பிரதியாக இருந்தால் பாட்டு மட்டும்தான் வந்திருக்கும். படத்திலும் ஒரு படி தேய்ந்திருக்கும். ஜெனரேஷன் லாஸ் என்று இதைத்தான் சொல்வோம். ஒரு ஹை-ஃபை விசிஆர் இரவல் வாங்கிப் பாருங்கள். ஆடியோ செலக்ட் என்ற பொத்தானில் ஹை-ஃபை, நார்மல், மிக்ஸ் என்று மாறும்.

#15 காவிரிக்கரை

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அப்பாவின் நண்பர் வீட்டில் ஒரு ஹை-ஃபை விசிஆர் இருந்தது. ஹை-ஃபையில் வைத்ததும் பாட்டு காணாமல் போய்விட்டது. கெட்டிமேளம், கூட்டம், பாத்திரச் சத்தம், ஐயர் குரல், எல்லாம். அப்பாயி தாலி கட்டி முடிந்ததும், "மாப்பிள்ளைக்குத் தண்ணி குடுடா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்கிறார். முப்பது வருடமாக அந்த இடத்தில் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா மூன்று முறை ஓட்டிக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நடுநடுவே 'பர்ர்' என்று ஒரு இரைச்சல் வருகிறது. பரவாயில்லை. டிவிடி ரெக்கார்டர் வழியாக மூன்று மணி நேரமும் எடுத்ததில் டிராப் 2 தான்.

இப்போது எடிட்டிங். நாற்பது நிமிடமாக்கி, நடுவில் அம்மா போனில் பேசிய பேட்டியைச் சேர்க்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் போட்டிருக்கிறேன்.

#16 பழைய_ஸ்டுடியோ

எனக்கும் கண் கலங்கிவிட்டதம்மா. எத்தனை வீட்டில் இப்படிப் பாட்டுப் போட்டிருப்பேன்.

'பர்ர்' இரைச்சல் டிராக்கிங், அதாவது டேப்பில் பதிந்த தடத்தின் மேல் ஹெட் நேராக ஓடுவது, சரியில்லாததால் வரும். விசிஆரில் ஆட்டோ டிராக்கிங்கை விட்டுவிட்டு, இரைச்சல் குறையும் இடம் வரை கையால் நகர்த்திப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் தனியாக இன்னொரு முறை எடுத்தால் போதும். சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத பிசிஎம்.

#17 பிட்_எண்ணி

மகிழ்ச்சி. எடிட்டிங் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயன்படுத்தும்போது தானாகப் பழகிவிடும்.

மூலக் கோப்பு எதையும் மென்பொருள் வெட்டுவதில்லை. டைம்லைனில் நீங்கள் வைப்பது "இந்தக் கோப்பில் இங்கிருந்து இதுவரை" என்ற குறிப்பு மட்டும். தொடக்கம் இன், முடிவு அவுட். அதனால் தைரியமாக வெட்டுங்கள். விளைவுகள் சேர்த்த பகுதியைக் கணக்கிட்டு முடிப்பது ரெண்டர், மொத்தத்தையும் ஒரு கோப்பாக எழுதுவது எக்ஸ்போர்ட். பேச்சில் இரண்டையும் ரெண்டர் என்றே சொல்வார்கள். கீஃபிரேம் என்ற சொல் இங்கே இன்னொரு பொருளில் வரும்: சத்தத்தையோ அளவையோ இந்த இடத்தில் இவ்வளவு, அந்த இடத்தில் அவ்வளவு என்று நீங்கள் குத்தி வைக்கும் புள்ளி. முன்பு சொன்ன ஐ-ஃபிரேமோடு இதற்குத் தொடர்பு இல்லை.

முதல் கிளிப்பை இழுத்துப் போடும் முன் டைம்லைனை நொடிக்கு 50 ஃபிரேம் என்று வையுங்கள். பிறகு மாற்ற விடாது. கேசட்டைப் பிடபிள்யூடிஐஎஃப் வழியாக 50 ஆக்கிய ஒரு பிரதியைப் பயன்படுத்துங்கள், மூலத்தைத் தனியே வைத்துவிடுங்கள்.

போன் பேட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. போன்கள் பெரும்பாலும் விஎஃப்ஆர், அதாவது வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான வேகத்தை எதிர்பார்க்கும். ஐந்தாவது நிமிடத்தில் அம்மாவின் உதடும் குரலும் விலகலாம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் தேர்ந்து ஒருமுறை மாற்றிக்கொண்டு பிறகு சேருங்கள்.

பாட்டு டிராக்கை அழிக்காதீர்கள். அதையும் நார்மலில் வைத்து ஒரு முறை எடுத்து இரண்டாவது சத்த அடுக்காக வையுங்கள். ஸ்டுடியோக்காரர் தேர்ந்த பாட்டும் அந்தக் கல்யாணத்தின் பகுதிதான்.

படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து நெளியும், அது ஹெட் மாறும் இடம், எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. வெட்டிப் பெரிதாக்காமல் கறுப்புப் பட்டையால் மூடிவிடுங்கள்.

#18 ரொறன்ரோ_கிளி

தங்கச்சி, மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கோ. எங்கள் வெள்ளத்தில் போனது கசெற் மட்டுமல்ல, அதற்குப் பக்கத்தில் இருந்த எல்லாப் பிரதியும்தான்.

#19 காவிரிக்கரை

ஒன்று தஞ்சாவூரில் அத்தை வீட்டில் வைக்கிறேன் அக்கா. போன் பேட்டியை மாற்றிவிட்டேன், உதடும் குரலும் சேர்ந்தே போகின்றன. இன்றிரவு இரண்டாவது கேசட், நலங்கும் பெண் அழைப்பும். ஃபார்வர்ட், ரீவைண்ட் முடித்துவிட்டேன்.

#20 பழைய_ஸ்டுடியோ

போடும் முன் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். முதல் கேசட் பலமுறை ஓடியிருக்கிறது, பொடி உதிர்ந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மிருதுவான ஷாம்வா தோல் துண்டை, ஹெட் பொருத்திய சுழல் உருளையான டிரம் மீது லேசாக வைத்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். பஞ்சு வேண்டாம், மேலும் கீழும் தேய்க்கவும் வேண்டாம், ஹெட் உடைந்துவிடும். கால் மணி நேரம் காயவிட்டு, ஆடியோ செலக்ட் ஹை-ஃபையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளே அழுத்துங்கள்.